குளிரண்ணனின் மூன்றாம் மாடி

அந்தப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் கட்டடத்தில் வேலை பார்த்த அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. சம்பளம் போடுகிற குமாஸ்தாவைத் தவிர யாருக்கும் அது தெரியாது. பேராசிரியர் முதல் தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவர் குளிரண்ணன். கட்டடத்தில் இருந்த ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர், குளிர் அறை அத்தனையும் அவர் பொறுப்பு. அதற்கு நேர்மாறாக, உடம்புச் சூட்டைக் குறையாமல் காக்கிற இன்குபேட்டர் பெட்டிகளும் அவர் பொறுப்புதான். அந்தச் சூட்டை மட்டும் யாரும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. பட்டப்பெயர் வைக்கிறவர்கள் என்றைக்கு முழுசாக விசாரித்துவிட்டு வைத்திருக்கிறார்கள்.

இதற்கு முன்னால் ஒரு ஐஸ்கிரீம் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தார். அங்கே கம்ப்ரஸர் நின்றுபோனால் நஷ்டம் முதலாளிக்கு, திட்டு இவருக்கு, உருகினது தெருப் பிள்ளைகளுக்கு. விஷயம் அதோடு முடிந்துபோகும். இங்கே சேர்ந்த புதிதில் முதல் மாடியில் ஒரு ஃப்ரீசர் படுத்துவிட்டது. இவர் போய்க் கருகின ஒயர் ஒன்றை மாற்றி ஓடவிட்டார். பெரிய வேலை ஒன்றுமில்லை. திரும்பிப் பார்த்தால், அடர்த்தியாக மீசை வைத்த ஒரு பேராசிரியர் சுவரோடு சாய்ந்து கேவிக் கேவி அழுதுகொண்டிருக்கிறார். உள்ளே இருந்தவை மண்ணிலிருந்து எடுத்த கிருமிகளாம். பாதி ஆயுள் அலைந்து சேர்த்தவையாம். மனிதர் இவரைக் கட்டிப்பிடித்தவர் விடவே இல்லை. அன்று சாயங்காலம் இதை வீட்டில் சொன்னபோது, பேண்ட்டுக்குக் கீழ்மடிப்புத் தைத்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"கட்டிப்பிடிச்சது ஆம்பளைதானே?"

அவள் வீட்டு முன்னறையிலேயே துணி பிடித்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். இளைத்தவர்களுக்குச் சட்டையைப் பிடித்துக் கொடுப்பாள், பெருத்தவர்களுக்குத் தையலைப் பிரித்து விட்டுக் கொடுப்பாள். ஊரில் யார் யாருக்குத் தொந்தி விழுகிறது என்பது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அவரவர் மனைவிக்கே தெரியாது. நாள் முழுக்கத் தையல் மெஷினோடு உட்கார்ந்திருப்பவளுக்குச் சாயங்காலமானால் கதை வேண்டும். செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவாள். "என்னங்க, உங்க மாமியார் வீட்டுல இன்னைக்கு என்ன விசேஷம்?" மாமியார் வீடு என்று அவள் சொன்னது உயிரியல் கட்டடத்தை. அங்கேதான் அவரை விழுந்து விழுந்து கவனிக்கிறார்கள் என்பது அவள் கட்சி.

அவருக்கும் சொல்ல விஷயத்துக்குக் குறைவில்லை. அடித்தளத்தில் வரிசை வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். அதில் விரல்நகம் அளவு மீன்கள். அவற்றின் குஞ்சுகளைப் பார்த்தால் உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே இதயம் அடிப்பது வெளியே தெரியும். முதல் மாடி கிருமிகள், அங்கே எந்நேரமும் கெட்டுப்போன பால் வாடை. இரண்டாம் மாடியில் ஒருவர் பழத்தில் மொய்க்கும் ஈக்களின் தூக்கத்தை ஆராய்ந்தார். ஈ எப்போது தூங்குகிறது, தூக்கத்தைக் கெடுத்தால் அதற்கு மறதி வருகிறதா என்று பார்க்கிற வேலை. அந்த மனிதர் கண்ணெல்லாம் சிவந்து, சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு திரிவார். அவர் வளர்த்த ஈக்கள் மட்டும் நிம்மதியாகத் தூங்கின. மொட்டைமாடியில் கண்ணாடிக் கூடாரம் போட்டு ஒரு தாவர ஆய்வாளர், ரோட்டோரத்தில் காலில் மிதிபடுகிற ஏதோ ஒரு களையைப் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தார். அதை ஒரு பூச்சியும் கடிப்பதில்லையாம், ஏன் கடிப்பதில்லை என்பதுதான் அவர் கேள்வி. அவருக்குக் களைக்காரர் என்று பெயர் வைத்தது நம் குளிரண்ணன்தான். தனக்குப் பெயர் வைத்த கட்டடத்துக்கு அந்த வகையில் கடனைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆரம்பத்தில் அவருக்கு இதெல்லாம் வேலையற்ற வேலையாகத்தான் பட்டது. வீட்டில் வாய்விட்டே சொன்னார். "படிச்சவங்க எல்லாம் ஒரு கூரைக்குக் கீழ உக்காந்து, ஒருத்தர் ஈயைத் தூங்க வெக்கிறாரு, ஒருத்தர் களைக்குக் குடை பிடிக்கிறாரு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் உண்டா?"

அவள் நூலைப் பல்லில் கடித்து அறுத்துக்கொண்டே சொன்னாள். "ஏன் இல்ல? எல்லாரும் ஒரே வீட்டைத்தான் பாக்கிறாங்க. ஒருத்தர் ஜன்னல் வழியா எட்டிப் பாக்கிறாரு, ஒருத்தர் ஓட்டைப் பிரிச்சுப் பாக்கிறாரு. நீங்க பேசாம அந்த வீட்டுக்குக் கரண்டைப் பாருங்க."

அவர் பேசாமல் கரண்டைப் பார்த்தார். வருஷங்கள் போயின. மகள் வளர்ந்து, மருந்துக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். அதற்கப்புறம்தான் மனைவிக்கு வயிற்றில் வலி என்று ஆரம்பித்தது.

பல்கலைக்கழகத்தின் ஆஸ்பத்திரி அடுத்த கட்டடத்திலேயே இருந்தது. வயிற்றுக்குள் கட்டி, அதுவும் அபூர்வமாக வருகிற வகை என்றார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். எடுக்கிற கட்டியில் ஒரு துண்டை மூன்றாம் மாடி ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்கலாமா, அங்கே இந்த மாதிரிக் கட்டிகளின் செல்களைக் கிண்ணத்தில் வளர்த்து, எந்த மருந்துக்கு அவை மடிகின்றன என்று பார்க்கிறார்கள், இந்த வகை மட்டும் அவர்களிடம் இல்லவே இல்லை என்றார். குளிரண்ணன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். படுத்திருந்தவள்தான் பதில் சொன்னாள்.

"தாராளமா எடுத்துக்குங்க டாக்டர். வெட்டின துண்டை நான் வெச்சு என்ன பண்ணப் போறேன். அங்கயே இருந்தா இவருக்கும் கண்ணு முன்னாலயே இருக்கும். இல்லன்னா ஆளைக் காணோம்னு தேடுவாரு."

அந்த ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அதிக காலம் இருக்கவில்லை. போய்ச் சேர்ந்தாள். அதைப் பற்றி இங்கே நீட்டி எழுத எனக்குக் கை வரவில்லை. வீட்டு முன்னறையில் தையல் மெஷின் மேல் உறை போட்டு மூடினார். பிரித்துவிட்டு முடிக்காமல் கிடந்த இரண்டு சட்டைகளை அப்படியே உரியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர்களும் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.

மறுபடி வேலைக்கு வந்த அன்று, கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நேராக மூன்றாம் மாடிக்கு ஏறினார். அங்கே செல்களை வளர்க்கிற வேலை ஒரு ஆராய்ச்சி மாணவியுடையது. முப்பதை எட்டிக்கொண்டிருந்த, சிரித்த முகமாக இருக்கிற பெண். அவரை அண்ணா என்றாள், அவர் அவளைத் தங்கச்சி என்றார். வாசலிலேயே நின்று, யாரோ சொந்தக்காரரைப் பார்க்க வந்தவர் போலக் கேட்டார்.

"எப்படி இருக்காங்க?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. இன்குபேட்டரைத் திறந்து ஒரு தட்டையான பிளாஸ்டிக் குடுவையை எடுத்து மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்துக் காட்டினாள். அவருக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை. சாம்பல் நிறத்தில் சில புள்ளிகள், சில கோடுகள். ஆனாலும் கண்ணை எடுக்க மனசு வரவில்லை. உள்ளே உடம்புச் சூடு குறையாமல் இருக்கிறதா என்று தன் கருவியால் ஒருமுறை பார்த்துக்கொண்டார். சரியாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் தினமும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கும் அவருக்கு. வேலை இல்லையென்றால் உண்டாக்கிக்கொள்வார். நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கிற இன்குபேட்டரின் கதவு ரப்பரைத் தடவிப் பார்ப்பார். யாரும் பக்கத்தில் இல்லாவிட்டால் மெல்லப் பேசுவார். ஈக்காரர் தூங்கி விழுந்து மூக்குக்கண்ணாடியை உடைத்துக்கொண்டது, மீன் தொட்டி ஒழுகி அடித்தளமே குளமானது, எல்லாம் சொல்வார். சாயங்காலம் சொல்ல வேண்டியதைப் பகலிலேயே சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம்.

மகளுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. போனில் ஒரு நாள் வெடித்துவிட்டாள்.

"அது அம்மா இல்லப்பா. அம்மாவைக் கொன்னது. அதைப் போய் நலம் விசாரிச்சுட்டு வரீங்க."

"அவ உடம்புல முளைச்சதுதானேம்மா."

"அதனால? அதை நெனச்சாலே எனக்கு உடம்பு எரியுது. இனிமே அதைப் பத்தி எங்கிட்டப் பேசாதீங்க."

மகள் சொன்னது சரிதான். சரியான பேச்சைக் கேட்டு யாருக்காவது மனசு ஆறி நான் பார்த்ததில்லை. குளிரண்ணன் மகளிடம் அந்தப் பேச்சை விட்டார், மூன்றாம் மாடிக்குப் போவதை விடவில்லை. அப்பாவும் மகளும் போனில் சாப்பாடு, வெயில், மாப்பிள்ளையின் இடுப்பு வலி என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். அம்மா பேச்சை எடுத்தால் இது வந்து நடுவில் நிற்கும். அதனால் அம்மாவைப் பற்றிப் பேசுவதே நின்றுபோயிற்று.

செல்கள் ஆரம்பத்தில் நோஞ்சானாகத்தான் இருந்தன. பெருகவில்லை, நாளுக்கு நாள் தேய்ந்தன. "எப்படி இருக்காங்க?" என்று அவர் கேட்கும்போது தங்கச்சி வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் டல்லா இருக்காங்க அண்ணா" என்பாள். அவர் முகம் வாடுவதைப் பார்க்காமலிருக்கக் குனிந்துகொள்வாள். பிறகு திடீரென்று ஒரு வாரத்தில் நிலைமை மாறியது. குடுவையின் அடி முழுக்கச் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு வளர்ந்தன. தங்கச்சிக்கு வாயெல்லாம் பல். குளிரண்ணன் பேக்கரிக்குப் போய்ப் பன் வாங்கி வந்து மாடி முழுக்கக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டவர்களுக்கு, "வீட்டுல உடம்பு தேறிடுச்சு" என்றார். புரியாதவர்களும் பன்னைச் சாப்பிட்டார்கள்.

அப்படியே காலம் ஓடியது. செல்கள் நன்றாக வளர்ந்தன, அவரும் தேறினார். இதற்கிடையில் மொட்டைமாடிக் களைக்காரரின் கேள்விக்குப் பதில் கிடைத்திருந்தது. பூச்சிகளை விரட்டிய கசப்புப் பொருளை அவர் தனியே பிரித்து எடுத்தார். அதை முதல் மாடியில் கிருமிகள் மேல் போட்டுப் பார்த்தார்கள். இரண்டாம் மாடியில் ஈக்களுக்குக் கொடுத்தார்கள். அடித்தளத்தில் மீன்குஞ்சுகளுக்குக் கொடுத்து, கண்ணாடி உடம்புக்குள் இதயம் ஒழுங்காக அடிக்கிறதா என்று பார்த்தார்கள், அடித்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்று இவர் சிரித்த மாடிகளெல்லாம் ஒரே பொருளைக் கை மாற்றிக் கை மாற்றி மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்து சேர்த்தன. அந்த அபூர்வ வகைக் கட்டி எதனால் கொழுக்கிறதோ அந்த வழியையே அது அடைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். குளிரண்ணனின் மனைவியின் செல்கள்மேல் அதை ஊற்றினார்கள்.

ஒன்றும் ஆகவில்லை. செல்கள் பாட்டுக்கு வளர்ந்தன. திரும்பத் திரும்ப ஊற்றியும் அசையவில்லை. களைக்காரர் ஒரு மாதிரியாகி, கூடாரத்தை இடித்துவிடலாமா என்று பேச ஆரம்பித்தார். குளிரண்ணனுக்கு அவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பிடிவாதத்தில் அவளை யார் ஜெயிக்க முடியும் என்று நினைத்துக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து, மூன்றாம் மாடியின் பேராசிரியை அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். ஏசியில் ஏதோ கோளாறு என்று நினைத்துக் கருவிப் பையோடு போனார். பேராசிரியை அவரை உட்காரச் சொல்லி, தன் கையாலேயே டீ ஊற்றிக் கொடுத்தார். தங்கச்சி ஜன்னலோரம் நின்றாள், முகம் வெளுத்திருந்தது. டீ கொடுத்து உட்காரவைக்கிறவர்கள் நல்ல செய்தி சொல்லி அவர் பார்த்ததில்லை.

"அண்ணா, மருந்து வேலை செய்யலைன்னதும் எங்களுக்கே சந்தேகம் வந்துது" என்றார் பேராசிரியை. "யாரோட செல்னு கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை இருக்கு. அதுக்கு அனுப்பினோம். அது உங்க மனைவியோடது இல்லை."

அவருக்குக் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. "இல்லைன்னா?"

"அதே இன்குபேட்டர்ல இன்னொரு வகை செல் வளர்க்கிறோம். ரொம்ப வேகமா பெருகுறது. அதுல ஒண்ணு ரெண்டு எப்படியோ இதுல கலந்திருக்கு. கலந்தா அதுதான் நிக்கும், மத்தது அழிஞ்சுடும். ரொம்ப நாளாவே அந்தக் குடுவையில இருக்கிறது அதுதான்."

"அது யாரு?"

"எங்கயோ ஒரு நாட்டுல, எப்பவோ இறந்துபோன ஒரு அம்மாவோடது. பேர்கூட எங்களுக்குத் தெரியாது."

குளிரண்ணன் டீயைக் கீழே வைத்தார். "அப்போ இத்தனை வருஷமா நான் யார்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்?"

அவர் எழுந்தார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து கருவிப் பையை எடுத்துக்கொண்டு போனார். மனைவி மறுபடி ஒருமுறை செத்துப்போனது போல இருந்தது அவருக்கு. அதைவிட மோசம், எப்போது போனாள் என்றே தெரியாமல் இருந்திருக்கிறார். பன் வாங்கிக் கொடுத்த அந்த வாரமே போயிருக்கிறாள்.

அதன்பிறகு அவர் மூன்றாம் மாடியில் கால் வைக்கவில்லை. கூப்பிட்டால் உதவியாளரை அனுப்பினார். ஏறினால் லிஃப்டில் ஏறினார். கோபம் இன்னார்மேல் என்று சொல்ல முடியாத கோபம். ஈக்காரரிடம் எரிந்து விழுந்தார், மீன் தொட்டியைத் திட்டினார். ஒரு நாள் அடித்தளத்தில் தண்ணீரைக் குளிர்விக்கிற மெஷினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தபோது தங்கச்சி இறங்கி வந்தாள். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"எப்படியோ கலந்துடுச்சுன்னு மேடம் சொன்னாங்கல்ல. எப்படின்னு எனக்குத் தெரியும் அண்ணா. நான்தான் கலந்தேன்."

அவர் ஸ்பேனரை நிறுத்தவில்லை. அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

"அப்போ அந்தச் செல் தேஞ்சுக்கிட்டே போச்சு. நோஞ்சானா இருக்கிறதுக்கு ஒரு வைத்தியம் உண்டு. வலுவா வளர்ற செல் இருந்த தண்ணியில அது விட்ட சத்து நிறைய இருக்கும். அதை வடிகட்டி இதுக்கு ஊத்துவோம். அடுத்த வீட்டுத் தாய்ப்பால் மாதிரி. வடிகட்டுற தாள் எங்கயோ கிழிஞ்சிருக்கணும். நான் சரி பாத்திருக்கணும், பாக்கலை. அது ஒரே வாரத்துல தேறினப்போவே சந்தேகப்பட்டிருக்கணும். நீங்க பன்னை எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறீங்க. எனக்குச் சந்தேகப்பட மனசே வரலை."

"வேற வழி பாத்திருக்கலாமே."

"நீங்க தினமும் வந்து எப்படி இருக்காங்கன்னு கேப்பீங்க. இல்ல அண்ணா, போய்க்கிட்டு இருக்காங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

அவள் அழுதாள். ஸ்பேனர் நின்றது. குளிரண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் வாசலில் வந்து நின்று நின்று, இந்தப் பெண்ணின் கழுத்தில் என்ன ஒரு பாரத்தைக் கட்டியிருக்கிறோம் என்பது. அவளிடம் சயின்ஸைக் கேட்கவில்லை, மனைவியைக் கேட்டிருக்கிறார். அவளும் பாவம், தன்னால் முடிந்ததைக் கொடுத்திருக்கிறாள்.

"அழாத தங்கச்சி. மீனெல்லாம் பாக்குது" என்றார்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு மீதியைச் சொன்னாள். ஆபரேஷன் நடந்த அந்த வாரத்தில், அந்த வைத்தியத்துக்கெல்லாம் முன்னால், ஒரே ஒரு ட்யூபில் செல்களை எடுத்து நைட்ரஜன் டேங்கில் உறையவைத்திருக்கிறாள். அது நிச்சயம் அவர் மனைவியுடையதுதான், சரிபார்த்தாகிவிட்டது. இப்போது பேராசிரியை அதை வெளியே எடுக்க நினைக்கிறார். ஆனால் இவர் சம்மதம் இல்லாமல் தொட மாட்டேன் என்கிறார்.

"உருக்கினா பிழைக்குமா?"

"சொல்ல முடியாது. பிழைச்சாலும் ரொம்ப நாள் தாங்காது, அதான் முன்னாடியே பாத்தோமே. பிழைச்ச உடனே மருந்தை ஊத்திடணும்." அவள் வாளியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எடுக்காம விட்டா, டேங்க் குளிரா இருக்கிற வரைக்கும் அப்படியே இருக்கும் அண்ணா. எத்தனை வருஷம் வேணும்னாலும்."

டேங்கைக் குளிராக வைப்பது அவருக்குக் கை வந்த வேலை. அதைவிடச் சுலபமான வேலை அவருக்கு உலகத்தில் இல்லை. தான் ஓய்வு பெறும் வரைக்கும் அவளை அப்படியே வைத்திருக்கலாம், அதற்கப்புறமும் சொல்லிவைத்துவிட்டுப் போகலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பேசவும் வேண்டாம், பார்க்கவும் வேண்டாம், இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும். அவர் மெஷினைத் திரும்பப் பூட்டி, தண்ணீர் குளிர்வதைக் கைவைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

இரண்டு மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. டேங்க் அறைக்குப் போவார், மூடியைத் தொட்டுப் பார்ப்பார், வருவார். இதற்குள் மொட்டைமாடியில் களைக்காரர் நிஜமாகவே கூடாரத்தைக் காலி செய்ய ஆரம்பித்திருந்தார். காற்றாடியைக் கழற்றித் தரச் சொல்லி இவரைத்தான் கூப்பிட்டார். கழற்றும்போது அவர் சொன்னார், ஆஸ்பத்திரியில் அதே கட்டியோடு இப்போது ஒரு பெண்மணி இருக்கிறாராம், அவருக்கும் கொடுக்க ஒன்றும் இல்லையாம். ஒன்றுக்கும் உதவாத களையை வளர்த்தேன் அண்ணா என்றார். குளிரண்ணன் கழற்றின காற்றாடியை மறுபடி மாட்டிவிட்டு, படியிறங்கி மூன்றாம் மாடிக்குப் போனார்.

"எடுத்துக்குங்க" என்றார் தங்கச்சியிடம். "ஆனா ஒண்ணு. நான் வந்து கேக்க மாட்டேன். நீயும் எனக்காக எதையும் தேத்தி விடாத. பொழைச்சா பொழைக்கட்டும், போனா போகட்டும். நீ உன் வேலையைப் பாரு."

டேங்கைத் திறந்தது அவர்தான். கனத்த கையுறையை மாட்டிக்கொண்டு, வெள்ளைப் புகைக்குள்ளிருந்து அடுக்கைத் தூக்கினார். ட்யூப் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. தங்கச்சி அதை வெந்நீர்த் தொட்டியில் பிடித்து மெல்ல ஆட்டினாள். உள்ளே இருந்த பனிக்கட்டி சிறுத்துக்கொண்டே வந்தது. அது முழுக்கக் கரைவதற்குள் அவர் வெளியே வந்துவிட்டார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். மூன்றாம் மாடி வந்தால் படியில் கால் தானாக நிற்கும், அதை இழுத்துக்கொண்டு மேலே போக வேண்டும். ஒரு நாள் குளிர் அறையின் கதவுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது தங்கச்சி பின்னால் வந்து நின்றாள்.

"ஒட்டிக்கிச்சு அண்ணா."

"நான் கேக்கலையே."

"நீங்க கேக்கலை. நானாத்தான் சொல்றேன். கொஞ்சம்தான் இருக்காங்க, ரொம்ப மெதுவா வளர்றாங்க. ஆனா இருக்காங்க."

அவர் எண்ணெய்க் குப்பியை மூட மறந்து நின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டார்.

"இன்னைக்கு மருந்து ஊத்தப் போறோம். அதுக்கு முன்னாடி ஒரு தடவை பாக்கிறீங்களா?"

போக வேண்டும் என்று அவருக்கு உயிர் துடித்தது. போனால் நாளைக்கு ஊற்றலாமா என்று கேட்டுவிடுவோம், நாளைக்குப் போய் அதற்கு மறுநாள் என்போம் என்பதும் தெரிந்தது. "வேண்டாம் தங்கச்சி" என்றார். "ஊத்துங்க."

அந்த வாரக் கடைசியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், படிக்கட்டில் உட்கார்ந்து டிபன் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார். தங்கச்சி மேலேயிருந்து இறங்கி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிடிபடவில்லை.

"செத்துப்போச்சு அண்ணா."

அவர் பாத்திரத்தை மூடினார். "எல்லாமா?"

"மருந்து ஊத்தினதுல ஒண்ணுகூட மிச்சமில்லை. ஊத்தாம வெச்ச தட்டுல அப்படியே இருக்கு. மேடம் மூணு தடவை பாத்துட்டாங்க. மருந்துதான் கொன்னிருக்கு. களைக்காரர் மொட்டைமாடில உக்காந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதுக்கிட்டு இருக்காரு."

"அந்த இன்னொரு தட்டு?"

"மறுபடி ஒரு தடவை செஞ்சு பாக்கணும். அதுக்கு அது வேணும். உங்களுக்காக ஒரு துளி எடுத்து உறைய வெக்கலாமான்னு மேடம் கேக்கச் சொன்னாங்க."

அவர் டிபன் பாத்திரத்தைத் தள்ளி வைத்தார். "வேண்டாம்மா. மொத்தத்தையும் எடுத்துக்குங்க. எனக்குன்னு எதுவும் வெக்காதீங்க."

அவள் போன பிறகு போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். அவள் அந்த ஊர் மருந்துக் கடையில் வேலையில் இருந்தாள். பின்னால் யாரோ இருமல் மருந்து கேட்கிற குரல் வந்தது. என்னப்பா இந்த நேரத்துல, உடம்புக்கு ஏதாவதா என்று பதறினாள்.

"ஒண்ணுமில்லம்மா. அது செத்துப்போச்சு."

"எது?"

"மூணாம் மாடில இருந்தது. உங்கம்மாவைக் கொன்னது. இவங்க ஒரு மருந்து கண்டுபிடிச்சாங்க. ஊத்தினாங்க. செத்துப்போச்சு."

இருமல் மருந்து கேட்டவர் மறுபடி கேட்டார். கொஞ்சம் இருங்க என்று அவரிடம் சொல்லிவிட்டு மகள் போனில் கேட்டாள்.

"நல்லா செத்துச்சாப்பா?"

"நல்லா செத்துச்சும்மா. ஒண்ணுகூட மிச்சமில்ல."

அவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள், கடையில் ஆள் நிற்பதையெல்லாம் பார்க்கவில்லை. அவரும் அழுதார், படிக்கட்டில் போகிறவர்கள் வருகிறவர்களையெல்லாம் பார்க்கவில்லை. அம்மா போனதற்கு அப்பாவும் மகளும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான். அழுது முடித்ததும் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அம்மாவைப் பத்தி ஏதாவது சொல்லுங்கப்பா" என்றாள். அவர் சுவரில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டு சொல்லத் தொடங்கினார்.